எண்பதாண்டு மௌனம்

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 11ஆம் திகதி, காலை பதினொரு மணி. இலண்டன் மாநகரின் வைட்ஹோல் வீதியில் எழுந்து நிற்கும் போர் நினைவுத் தூணின் முன்னே பெருந்திரளான மக்கள் ஓசையடங்கி நின்றனர். முதலாம் உலக மகாயுத்தம் ஓய்ந்து அன்றோடு சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள் நிறைவெய்தின. அவ்வேளையில் மூன்று சக்கர நாற்காலிகள் மெல்ல நகர்ந்து வந்தன. அவற்றில் மூன்று முதியவர்கள் அமர்ந்திருந்தார்கள். கடற்படையைச் சேர்ந்த பில் ஸ்ரோனுக்கு வயது 108. தரைப்படையைச் சேர்ந்த ஹரி பச்சுக்கு வயது 110. விமானப் படையின் சார்பில் வந்திருந்த ஹென்றி அலிங்ஹாமுக்கோ வயது 112!

ஆறு கோடிக்கு மேற்பட்ட மனிதரைப் படைக்கலம் தாங்கச் செய்த ஒரு பெரும் போரில் பங்குகொண்டோருள், அன்று அத்தூணின் முன்னே வந்து மலர்வளையம் சாத்த எஞ்சியிருந்தவர்கள் இம்மூவரே. ஓராண்டு கழிவதற்குள் மூவரும் மறைந்தனர். நம் கொழும்பு விகாரமாதேவி பூங்காவில் நிற்கும் நினைவுத் தூணும் அதே போரின் பின்னர் எழுப்பப்பட்டதுதான். வைட்ஹோல் தூணை வரைந்த லட்டியன்ஸ் என்னும் சிற்பியே இதனையும் வரைந்தார். அவ்வழியே செல்லும்போது ஒரு கணம் நின்று நோக்குவோர் நம்மில் எத்தனை பேர்?

மூவருள் மூத்தவரான ஹென்றி அலிங்ஹாமின் கதையே இங்குக் கூறப் புகுவது. அவர் சேனாதிபதியாக இருந்தவரல்லர். பகைவரை வீழ்த்திப் பட்டம் பெற்ற விமானியுமல்லர். கையில் திருகுசாவியும் எண்ணெய்த் துணியும் ஏந்திய ஒரு யந்திரத் தொழிலாளி. போர்க்காலத்தில் விமானங்களைப் பழுதுபார்த்தார். அமைதிக் காலத்தில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையில் உழைத்தார். எண்பது ஆண்டுக் காலம் தாம் கண்டதைப் பற்றி வாய் திறவாதிருந்தார். பின்னர், நூறு வயதைக் கடந்தபின், பேசத் தொடங்கினார். அவ்வாறு பேசத் தொடங்கியதே அவர் வாழ்வின் மிகப் பெரிய செயல் என்று சொல்லத் தோன்றுகிறது.

தந்தையை அறியாத பிள்ளை

விக்ரோரியா மகாராணி ஆட்சி புரிந்த காலம். 1896ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் திகதி இலண்டனின் கிளப்ரன் பகுதியில் ஹென்றி பிறந்தார். பிறந்து பதினான்கு மாதங்கள் ஆவதற்குள் தந்தையைக் காசநோய் கொண்டு சென்றது. இளம் விதவையாகிய தாயும், தாயின் பெற்றோருமே அவரை வளர்த்தார்கள். சலவைத் தொழிலகத்தில் உழைத்த தாயின் கைப்பட வளர்ந்த பிள்ளைக்கு அன்னையே உலகம். அவர் மறுமணம் செய்துகொண்டபோதும் அந்தப் பிணைப்பு தளரவில்லை.

சிறுவனாயிருந்தபோது, தாடி வளர்த்த பெரும் கிரிக்கெட் வீரர் டபிள்யூ. ஜி. கிரேஸ் ஓவல் மைதானத்தில் துடுப்பாடியதைக் கண்டதாக அவர் முதுமையில் நினைவு கூர்ந்தார். ரைட் சகோதரர் அமெரிக்காவில் முதன்முதலாக விமானத்தைப் பறக்கவிட்டபோது (1903) ஹென்றிக்கு வயது ஏழு. மனிதன் சந்திரனில் கால் பதித்தபோது (1969) அவருக்கு வயது எழுபத்துமூன்று. ஒரே மனிதரின் ஆயுளுக்குள் உலகம் எவ்வளவு தூரம் ஓடிவிட்டது!

பாடசாலையை விட்டபின் முதலில் ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்யும் தொழிலைப் பழகினார். அது அவருக்குச் சுவைக்கவில்லை. மோட்டார் வண்டிகளுக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றிற் சேர்ந்தார். மரத்தை அளந்து வெட்டுதல், இரும்பை வளைத்துப் பொருத்துதல், ஒரு நூல் பிசகினாலும் மறுபடி செய்தல் ஆகிய இவையே அவர் கற்ற கல்வி. பின்னாளில் அவரையும் வேறு பலரையும் காத்தது இந்தக் கல்விதான்.

1914 ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. அவர் வயதொத்த இளைஞர் கூட்டங்கூட்டமாகப் படையிற் சேர்ந்தனர். மோட்டார் சைக்கிளில் செய்தி கொண்டு செல்லும் பணியிற் சேரவேண்டுமென்று ஹென்றியும் துடித்தார். அன்னையோ கடும் நோயிற் கிடந்தார். மகனைப் போகவேண்டாமென்று வேண்டினார். நாட்டின் அழைப்பா, தாயின் அழைப்பா? தாயின் படுக்கையருகே இருக்க மகன் முடிவு செய்தார். 1915இல் அன்னை கண்மூடினார். அதன்பின் அவரைத் தடுத்து நிறுத்த யாருமில்லை.

மரமும் துணியும் கம்பியும்

சிங்போட் என்னும் ஊரில் ஒரு நீர்த்தேக்கத்தின் மேலே விமானமொன்று வட்டமிடுவதை ஒரு நாள் அவர் கண்டார். அதைக் கண்ட கணத்திலேயே தமக்குரிய இடம் எதுவென்று தீர்மானித்துவிட்டார். 1915 செப்ரெம்பரில் பிரித்தானியக் கடற்படையின் விமான சேவையில் இரண்டாந்தர விமானத் திருத்துநராகச் சேர்ந்தார். பயிற்சி முடிந்து நின்ற திருத்துநர்களை 1916 ஏப்ரலில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் நேரில் பார்வையிட்டார். அதன்பின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் யார்மத் தளத்திற்கு அவர் அனுப்பப்பட்டார்.

அக்காலத்து விமானம் எத்தகையது என்பதை இன்றைய மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மரச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, துணி விறைப்பாக நிற்க அதன்மேற் பூசிய ஒருவகை மெருகு, சிறகுகளை ஒன்றோடொன்று பிணைக்கும் கம்பிகள். இவ்வளவே! பல விமானங்களில் யந்திரம் முழுவதுமே விசிறியோடு சேர்ந்து சுழலும். அதற்கு இட்ட எண்ணெய் எது தெரியுமா? நம் பாட்டிமார் வயிற்றுக்குக் கொடுக்கும் ஆமணக்கெண்ணெய்தான்! சுழலும் யந்திரம் அவ்வெண்ணெயைப் புகையாகவும் துளியாகவும் விமானியின் முகத்தில் வீசியடிக்கும். பிரித்தானிய விமானிகளுக்கு அந்நாளில் பரசூட் வழங்கப்படவில்லை. ஒரு கம்பி தளர்ந்தாலும் ஓர் ஆணி கழன்றாலும் மேலே சென்றவன் திரும்பான். ஆதலால் கீழே நின்று முடுக்கும் திருத்துநனின் கையில்தான் மேலே பறக்கும் விமானியின் உயிர் இருந்தது. இப்பொறுப்பை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1916 மே மாத இறுதியில் ‘கிங்பிஷர்’ என்னும் மீன்பிடிக் கப்பலில் ஏறும்படி அவருக்குக் கட்டளை வந்தது. மீன்வலைக்குப் பதிலாக அக்கப்பல் ஒரு கடல் விமானத்தைச் சுமந்து சென்றது. விமானத்தைக் கப்பிக் கயிற்றால் தூக்கிக் கடலில் இறக்குவதும், அது வேவு பார்த்துத் திரும்பியதும் மீண்டும் தூக்கி ஏற்றுவதும் அவர் போன்றோரின் வேலை. மே 31ஆம் திகதி ஜட்லாந்துக் கடற்போர் மூண்டது. ஏறத்தாழ 250 போர்க் கப்பல்கள் வடகடலில் மோதின. இரு நாளில் இருபத்தைந்து கப்பல்கள் மூழ்கின. 8,500 பேருக்கு மேல் மாண்டனர். கிங்பிஷர் நேரடியாகப் போரிடவில்லை. பெருங்கப்பல்களைப் பின்தொடர்ந்து சென்றது. பீரங்கிக் குண்டுகள் நீரின்மேல், குளத்தில் எறிந்த ஓட்டுச்சில்லுப் போலத் தத்தித் தத்திச் சென்றதைத் தாம் கண்டதாக அவர் கூறினார். அக்கடற்போரில் உடனிருந்தோரென அறியப்பட்டவர்களுள் கடைசியாக எஞ்சியவர் அவரே.

இருளில் ஒரு பள்ளம்

1917 செப்ரெம்பரில் அவர் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அப்போது பெல்ஜியத்தில் ஈப்பர் நகரைச் சுற்றி மூன்றாம் பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. அவ்வாண்டு கோடையில் பெய்த பெருமழையும், ஓயாத பீரங்கி அடியால் சிதைந்துபோன வடிகால்களும் அந்நிலத்தையே சேற்றுக் கடலாக்கிவிட்டன. காயமுற்று விழுந்தோர் சேற்றிலேயே மூழ்கி இறந்தனர். பாய்ந்து முன்னேறுவதற்கான கட்டளையை எதிர்நோக்கி, முழங்காலளவு நீரில் நின்ற இளைஞர்களை அவர் கண்டார். அம்முகங்களை இறுதிவரை அவரால் மறக்க முடியவில்லை.

வீழ்ந்த விமானங்களை மீட்டு வருவதும், இயன்றவரை அவற்றைத் திருத்துவதும், திருத்த முடியாதவற்றிலிருந்து பயனுள்ள பாகங்களைக் கழற்றி எடுப்பதுமே அவர் தொழில். ஓரிரவு கும்மிருட்டில் நடந்து சென்றபோது குண்டு வெடித்துக் குழிந்த பள்ளமொன்றில் கால் தவறி விழுந்தார். அப்பள்ளத்தில் அழுகிய மனித உடற்பாகங்களும் எலிகளும் கிடந்தன. அவ்விருளில் எழுந்து நடந்தால் இதைவிட ஆழமான இன்னொன்றில் விழுந்து மூழ்க நேரலாம். ஆகவே பொழுது புலரும்வரை நனைந்த உடையோடு நடுங்கியபடி அசையாது கிடந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று.

அந்த இரவைத்தான் அவர் எண்பது ஆண்டுகள் உள்ளேயே பூட்டி வைத்திருந்தார்.

1917 நவம்பரிலிருந்து டன்கேர்க் நகரிலுள்ள விமானப் பண்டகசாலையிற் பணிபுரிந்தார். வானிலிருந்தும் தரையிலிருந்தும் கடலிலிருந்தும் அவ்விடத்தின்மேல் குண்டுகள் விழுந்தன. 1918 ஏப்ரல் முதலாந் திகதி கடற்படையின் விமான சேவையும் தரைப்படையின் விமானப் பிரிவும் ஒன்றாக்கப்பட்டு, பிரித்தானிய அரச விமானப் படை உருவாயிற்று. அன்று அப்படையிற் சேர்க்கப்பட்டவர்களுள் இறுதிவரை வாழ்ந்தவரும் இவரே. 1919 ஏப்ரலில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு வீடு திரும்பினார்.

தொழிற்சாலை வாழ்வு

கிரேட் யார்மத்தில் இருந்தபோது டொரத்தி என்னும் நங்கையை அவர் சந்தித்திருந்தார். அவரையே மணந்தார். இரு பெண் குழந்தைகள் பிறந்தனர். போர் முடிந்த பின் இங்கிலாந்தில் வேலையின்மை தலைவிரித்தாடிற்று. பதக்கங்களை மார்பில் அணிந்தபடியே தெருவில் தீப்பெட்டி விற்ற முன்னாட் போர்வீரரை அந்நாளைய இலண்டன் அறியும். கைத்தொழில் கற்றிருந்த ஹென்றிக்கு அந்நிலை வரவில்லை. மோட்டார் வண்டித் தொழிலில் பல நிறுவனங்களில் வேலை செய்தார். பின்னர் போர்ட் கம்பனியிற் சேர்ந்து ஓய்வு பெறும்வரை நீண்ட காலம் அங்கேயே உழைத்தார்.

இலண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் நதிக்கரையிலுள்ள டாகனம் என்னுமிடத்தில் 1929இல் போர்ட் தொழிற்சாலைக்கு அடிக்கல் இடப்பட்டது. அது சதுப்பு நிலம். ஆயிரக்கணக்கான கொங்கிறீற்றுத் தூண்களை நிலத்துள் அடித்திறக்கி, அவற்றின்மேல் தொழிற்சாலையை எழுப்பினர். 1931 ஒக்ரோபரில் முதலாவது வண்டி, ஒரு லொறி, வெளிவந்தது. தனக்கென ஓர் இறங்குதுறை, மின்நிலையம், இரும்பு உருக்கும் ஊதுலை யாவும் கொண்ட பெருநகர் அது. ஒரு பக்கம் கப்பலில் இரும்புக் கனியம் வந்திறங்கும்; மறு பக்கம் வண்டிகள் உருண்டு வெளியேறும். அங்குச் செய்யப்பட்ட பிரிபெக்ட், அங்கிலியா முதலிய வண்டிகளை நம் வீட்டுப் பெரியோர் அறிவர். நம் நாட்டு வீதிகளிலும் அவை ஓடின.

அங்கு வேலை நடந்த முறையும் புதுமையானது. தொழிலாளி வண்டியைத் தேடிச் செல்வதில்லை. நகரும் தொடரில் வண்டியே அவனைத் தேடி வரும். ஒருவன் நாள் முழுவதும் ஒரே ஆணியை முடுக்குவான். அடுத்தவன் ஒரே கதவைப் பொருத்துவான். ஹென்றி போர்ட் அமெரிக்காவில் 1913இல் புகுத்திய முறை இது. இதனால் வண்டியின் விலை குறைந்தது. தொழிலாளியின் களைப்பு குறைந்ததென்று சொல்ல முடியாது. 1944 வரையில் தொழிற்சங்கங்களைப் போர்ட் நிறுவனம் அங்கு ஏற்றுக்கொள்ளவுமில்லை. பின்னர் 1968இல், வண்டி இருக்கைகளுக்கு உறை தைத்த 187 பெண்கள் அதே டாகனத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேதனம் வழங்கும் சட்டம் 1970இல் இயற்றப்படுவதற்கு அவர்கள் செயல் வழிகோலிற்று. அதற்கு முன்னரே ஹென்றி ஓய்வு பெற்றிருந்தார்.

நத்தார் மதியம் வந்த அழைப்பு

1939ஆம் ஆண்டு நத்தார் தினம். ஹென்றியின் குடும்பம் மதிய உணவுக்கு அமர்ந்திருந்தது. இரண்டாவது மகாயுத்தம் தொடங்கி நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. இன்றியமையாத தொழில் செய்வோரைப் படைக்கு அழைப்பதில்லை என்ற விதியின்படி, நாற்பத்துமூன்று வயதான அவர் தம் வேலையிலேயே இருந்தார். அன்று உணவை முடிக்கும் முன்பே அவசர அழைப்பு வந்தது.

ஜேர்மானியர் காந்தக் கண்ணிவெடி என்னும் புதிய ஆயுதத்தைக் கடலடியில் விதைத்திருந்தனர். உருக்கினாற் கட்டப்பட்ட கப்பல் ஒவ்வொன்றும், கட்டப்படும்போதே பூமியின் காந்தத்தால் தானும் ஒரு பெரிய காந்தமாகிவிடுகிறது. அக்கப்பல் மேலே கடந்து செல்லும்போது கடலடியிற் கிடக்கும் வெடியினுள் உள்ள முள் அசையும், மின்சுற்று இணையும், வெடி வெடிக்கும். கப்பல் எதனையும் தொடவேண்டியதில்லை! 1939 நவம்பர் 18ஆம் திகதி ஹார்விச் துறைமுகத்துக்கு அண்மையில் ‘சைமன் பொலிவர்’ என்ற டச்சுப் பயணிக் கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கிற்று. குழந்தைகளும் அதில் இறந்தனர்.

நவம்பர் 23ஆம் திகதி தேம்ஸ் முகத்துவாரத்தில் ஷூபரினஸ் சேற்றுக் கரையில் அத்தகைய வெடி ஒன்று, நீர் வற்றியபோது வெளியே தெரிந்தது. ஜோன் ஊவ்ரி என்ற கடற்படை அதிகாரி, காந்தத்தாற் கவரப்படாத பித்தளைக் கருவிகளைக் கொண்டு அதனைக் கழற்றி அதன் இரகசியத்தை வெளிக்கொணர்ந்தார். அதன்பின் வழி புலப்பட்டது. கப்பலைச் சுற்றி மின்கம்பி கட்டி எதிர்த்திசையில் மின்சாரம் பாய்ச்சினால் அதன் காந்தம் மறைந்துவிடும். நீரிலே நீண்ட மின்கம்பிகளை இழுத்துச் சென்று மின்சாரம் பாய்ச்சினால், வெடிகள் தாமே வெடித்துத் தீரும்.

வழி தெரிந்தாற் போதுமா? அதனைச் செய்து முடிக்கும் கைகள் வேண்டுமன்றோ! ஹார்விச் துறைமுகத்தைத் திறப்பதற்கான சாதனத்தை உருவாக்க உதவுமாறே நத்தார் மேசையிலிருந்து ஹென்றி அழைக்கப்பட்டார். ஒன்பது நாட்களில் அவ்வேலை நிறைவேறிற்று. அறிஞரும் கடற்படையினரும் தொழிலாளருமாகப் பலர் சேர்ந்து வென்ற போராட்டம் அது. ஹென்றியின் பங்கு அதில் ஒரு பகுதியே. ஆயினும் முதல் யுத்தத்தில் உயிர்களை அழிக்கப் புறப்பட்ட யந்திரங்களைப் பேணியவர், இரண்டாவது யுத்தத்தில் கப்பலேறிய மக்களின் உயிர் காக்கக் கை கொடுத்தார் என்பதை எண்ணும்போது மனம் நிறைகிறது. அதே யுத்தத்தில் இலண்டன்மேல் விழுந்த குண்டுகளால் அவருடைய பழைய போர்ப் பதக்கங்கள் அழிந்துபோயின. அவற்றை அவர் தேடியதாகவும் தெரியவில்லை. மறக்க விரும்பியதை நினைவூட்டும் பொருள் போனாற் போகட்டும் என்று எண்ணினார் போலும்.

கதவைத் தட்டியவர்

ஆண்டுகள் சென்றன. ஓய்வு பெற்றார். அரை நூற்றாண்டுக்கு மேல் உடன் வாழ்ந்த மனைவி 1970இல் மறைந்தார். காலப்போக்கில் இரு புதல்வியரையும் இழந்தார். பெற்ற பிள்ளைகளுக்குப் பின்னும் வாழ்வது வரமா, தண்டனையா? ஈஸ்ற்போண் என்ற கடற்கரை நகரில் தனியே வாழ்ந்தார். நூறு வயதும் ஆயிற்று. யுத்தத்தைப் பற்றி எவருடனும் பேசுவதில்லை. நினைவிலிருந்து அதனை அகற்றிவிடவே அவர் விரும்பினார்.

அந்நிலையில் டெனிஸ் குட்வின் என்பவர் அவர் கதவைத் தட்டினார். முதியோர் இல்லங்களைப் பார்வையிடும் அதிகாரியாக இருந்தவர் அவர். அவ்வில்லங்களின் மூலைகளில், எவரும் வினவாத பழம் போர்வீரர் பலர் வாளாவிருப்பதைக் கண்டு, முதலாம் யுத்த வீரருக்கெனச் சங்கம் அமைத்தவர். முதலில் ஹென்றி இணங்கவில்லை. மீண்டும் மீண்டும் சென்று நட்புக் கொண்ட குட்வின் கூறிய காரணம் ஒன்றே: நீங்கள் பேசாவிட்டால், பேச இயலாமற் போனவர்களுக்காகப் பேசுவார் யார்?

இதுவே அவர் உள்ளத்தைத் தொட்டது. சேற்றில் நின்ற இளைஞர்களின் முகங்கள் மீண்டும் தோன்றியிருக்கவேண்டும். தம்மைப் பற்றிப் பேச விரும்பாதவர், அவர்களைப் பற்றிப் பேச இசைந்தார். அன்று முதல் பாடசாலைகளுக்குச் சென்றார். சிறுவர்களின் கேள்விகளுக்குப் பொறுமையோடு விடை கூறினார். நினைவு நாட்களில் மலர்வளையம் சாத்தினார். தம்மை வீரன் என்று எவரேனும் புகழ்ந்தால் அதனை மறுப்பார். புகழுக்குரியோர் திரும்பி வராதவரே என்பார். நீண்ட ஆயுளின் இரகசியம் யாதென்று பத்திரிகையாளர் கேட்டால் மட்டும் சிகரெட், விஸ்கி, மங்கையர் என்று குறும்பாக விடையளித்துச் சிரிக்க வைப்பார்.

2003இல் பிரான்சு அரசு அவருக்குத் தனது உயரிய விருதான ‘லெஜியன் தொனர்’ பட்டத்தை வழங்கிற்று. 2009இல் அதனை ஒரு படி உயர்த்தியது. குண்டுவீச்சில் அழிந்த பதக்கங்களுக்கு ஈடாகப் புதியன வழங்கப்பட்டன. குட்வினுடன் சேர்ந்து எழுதிய ‘கிச்சனரின் கடைசித் தொண்டன்’ என்னும் தன் வரலாற்று நூல் 2008இல் வெளிவந்தது. பட்டறையில் கற்ற தொழிலாளிக்கு, 112 வயதில், சவுதாம்ரன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று பொறியியலிற் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது!

இரு முதியோர் சந்திப்பு

இவையனைத்திலும் மேலானதென நாம் கருதுவது வேறொன்று. 2006ஆம் ஆண்டில் அவர் ஜேர்மனிக்குப் பயணஞ் செய்தார். அப்போது அவர் வயது 110. விற்றன் என்ற நகரில் ரொபேட் மையர் என்னும் முதியவர் வாழ்ந்தார். அவர் வயது 109. கைசர் மன்னனின் படையில் அதே யுத்தத்திற் போரிட்டவர். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சந்தித்திருந்தால் ஒருவரையொருவர் கொன்றிருக்கக் கூடியவர்கள் கை குலுக்கினர். அந்நகரின் போர் நினைவுச் சின்னத்தில் இருவரும் சேர்ந்து மலர்வளையம் வைத்தனர்.

ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமுமில்லை. அரசர்களும் மந்திரிகளும் ஒருவரையொருவர் பகைவரென்று காட்டி அனுப்பிய இரு பையன்கள், நூறு வயதைக் கடந்தபின் ஒருவாறு சந்தித்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். சில மாதங்களில், 2007 ஜனவரியில், மையர் காலமானார்.

பார்வை மங்கியதால் 2006இல்தான் அலிங்ஹாம் தனி வாழ்வை விட்டு, பிறைற்றனுக்கு அருகே ஓவிங்டீன் என்னும் ஊரில் பார்வையிழந்த முன்னாட் படையினருக்கான சென்ற் டன்ஸ்ரன்ஸ் இல்லத்திற் சேர்ந்திருந்தார். டாகனத்தில் வண்டிகளைப் பொருத்தும் தொடர் 2002 பெப்ரவரியில் நின்றுபோயிற்று. யந்திரங்கள் செய்யும் பகுதி மட்டும் தொடர்ந்தது. தம் தொழிற்சாலையின் அந்த நாளையும் அத்தொழிலாளி கண்டார். 2009 ஜூன் 19ஆம் திகதி உலகிலேயே மிக மூத்த ஆண்மகன் என்ற பெயர் அவருக்கு வந்தது. ஒரு மாதம் செல்வதற்குள், ஜூலை 18ஆம் திகதி, உறக்கத்திலேயே அமைதியாக மறைந்தார். அப்போது வயது 113 ஆண்டுகளும் 42 நாட்களும். ஒரு வாரம் கழித்து ஹரி பச்சும் காலமானார்.

ஜூலை 30ஆம் திகதி பிறைற்றன் புனித நிக்கலஸ் தேவாலயத்தில் இறுதிச் சடங்கு நிகழ்ந்தது. கடற்படையினரும் விமானப் படையினரும் சேர்ந்து பேழையைச் சுமந்தனர். முதலாம் யுத்த காலத்து மாதிரியில் அமைந்த விமானங்கள் மேலே பறந்து மரியாதை செய்தன. அவற்றின் சிறகுக் கம்பிகளை யாரோ ஒரு திருத்துநன் அன்று காலை முடுக்கியிருப்பான் அல்லவா?

நம் வீட்டுத் திண்ணையில்

கடல் கடந்த ஒரு நாட்டுத் தொழிலாளியின் கதையை நாம் ஏன் படிக்கவேண்டும் என்று கேட்கலாம். விடை நம் வீட்டிலேயே இருக்கிறது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் தூசியை முகர்ந்து உழைத்தவர், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலோ வாழைச்சேனைக் காகித ஆலையிலோ இரவு வேலை பார்த்தவர், மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் உருளைப் பொறியின் ஓசையிலே செவிப்புலனை இழந்தவர் – இத்தகைய ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. நம் மண்ணும் ஒரு நீண்ட போரைக் கண்டது. இருளில் ஒரு பள்ளத்தினுள் விடியும்வரை கிடந்த இரவு, நம் முதியோர் பலருக்கும் உண்டு. அவர்கள் பேசுவதில்லை. மறந்துவிட்டார்கள் என்று நாம் நினைக்கிறோம்.

மறக்கவில்லை, கேட்பாரில்லை. பேசு என்று வற்புறுத்துவதும் முறையன்று; ஆறாத புண்ணைக் கிளறுவது நோக்கமன்று. குட்வின் செய்ததும் அதுவன்று. அவர் மீண்டும் மீண்டும் சென்றார்; அருகில் அமர்ந்தார்; காத்திருந்தார். பாடசாலை விடுமுறை நாளிலே நம் பிள்ளைகள் ஒரு நாற்காலியைத் திண்ணையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “தாத்தா, நீங்கள் வேலைக்குப் போன முதல் நாள் எப்படி இருந்தது?” என்று தொடங்கட்டும். போரைப் பற்றிக் கேட்கவேண்டியதில்லை. வேலையைப் பற்றிக் கேட்டாற் போதும். சொல்ல வேண்டுமென்று தோன்றுவதை, அவர் விரும்பும் நாளில், அவரே சொல்வார்.

அலிங்ஹாமின் கதவை ஒருவர் தட்டினார். நூறு வயதுக்குப் பின் தட்டியபோதும் அது திறந்தது. எல்லோருக்கும் நூற்றுப் பதின்மூன்று வயது வாய்ப்பதில்லை. நம் வீட்டுக் கதவுகளை நாம் சற்று முன்னதாகவே தட்டுதல் நன்று.